அம்பாசிடருக்கு முன்பக்க சஸ்பென்ஷன் கிட் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? எனக்கு 38,500 போச்சு

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. 38,500 ரூபாய்! பழைய கார் வச்சிருக்கவங்க முழுசாப் படிங்க, எப்படித் தப்பிக்கிறதுன்னு கடைசியில விவரமாச் சொல்றேன்.

எங்க வண்டி 86 மாடல் அம்பாசிடர். வாப்பா சபர்ல (வெளிநாட்டு வேலையில) இருந்து கீழக்கரைக்குத் திரும்பி வந்ததும் வாங்கினது. அம்பாசிடருக்கு முன்னாடி காயில் ஸ்பிரிங் கிடையாது. டார்சன் பார்னு நீளமா ரெண்டு கம்பி, அதுக முறுக்கிக்கிட்டுத்தான் எடையைத் தாங்கும். எங்களுக்கு வலது பக்கம் அமுங்கிப்போச்சு, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்குது, மூட்டுகள்ல இருக்கிற ரப்பர் புஷ்ஷெல்லாம் வத்தல். பாம்பன் பாலத்துல ஏறினா பக்கக்காத்துக்கு வண்டி அலை பாயுது. வர்ற வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் வரணும்னு வாப்பாவுக்கு ஆசை.

பழைய கார் சாமான் விக்கிறவங்க விளம்பரம் போடுற ஒரு ஆன்லைன் பக்கம், அதுல இருந்த ஒருத்தன்கிட்டதான் வாங்கினேன். பேரைச் சொல்லல, ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டுறானுக. போன்ல ஊர் பேரைச் சொன்னதுமே, "கீழக்கரையா பாய்? கடக்கரை வண்டிக்கு ரப்பர் புஷ் நிக்காது, உப்பு தின்னுடும். நான் பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக்ல தர்றேன்"னான். நான் கேக்காமலே சொன்னான் பாருங்க, அங்கதான் விழுந்தேன். புது டார்சன் பார் ஒரு ஜோடி, கேஸ் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி, புஷ் செட், எல்லாம் சேர்த்து 38,500. பாதி அனுப்பினாப் போதும்னான். இவ்வளவு நல்லாப் பேசுற மனுசனை நம்பாம பாதி அனுப்புறதான்னு நானே வெக்கப்பட்டு முழுசா அனுப்பினேன். பணம் போன கணக்குல வேற யாரோ பேரு. கேட்டதுக்கு மச்சான் கணக்குன்னான்.

பெட்டி வந்துச்சு. ராம்நாடு மெக்கானிக் அண்ணன் டார்சன் பாரை நகத்தால ஒரு சுரண்டு சுரண்டினார். கறுப்பு பெயிண்டுக்குக் கீழ துரு. ஷாக் அப்சார்பரை அமுக்கிவிட்டார், அப்படியே கிடந்துச்சு. "கேஸ் இருந்தா தானா எந்திரிக்கும் தம்பி. இது மையித்து, செத்துப்போச்சு." அதைவிடக் கொடுமை, முனையில இருந்த குறியைக் காட்டினார். ரெண்டு பாருமே இடது பக்கம் ஓடினது. ஓடின பாரைப் பக்கம் மாத்தி மாட்டினா எதிர்த் திசையில முறுக்கும், ஓட்டத்துல முறிஞ்சாலும் முறியுமாம். உப்பு ரப்பரைத் தின்னாதாம், இரும்பைத்தான் தின்னுமாம். ரப்பருக்கு எமன் எண்ணெயும் வெயிலும். அவன் பேச்சுல நான் மயங்கினேனே, அந்த முதல் வரியே பொய்.

போன் பண்ணினேன். "மாட்டி ஓட்டுங்க பாய், செட் ஆயிரும்." மறுநாள், "கூரியர்ல மாறிடுச்சு, திருப்பி அனுப்புங்க, செலவு உங்களது." அனுப்ப விலாசம் கேட்டா பதில் இல்ல. அதுக்கப்புறம் ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்து, "ஓனர் வெளியூர், திங்கக்கிழமை பேசுவார்"னுச்சு. எந்தத் திங்கக்கிழமைன்னு சொல்லல. பக்கத்தை நடத்துறவனுக்கு எழுதினா, வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் நடுவுல நாங்க வர மாட்டோம்ங்கிறான். விளம்பரக் காசு வாங்க மட்டும் நடுவுல வருவானாம்! இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டானுக. 38,500 ரூபாய்ங்க, மீன் லோடு அடிச்சுச் சேர்த்த காசு.

சரி, விவரமாச் சொல்றேன்னேன். கை நடுங்குது, இவ்வளவுதான் முடியுது. அடுத்தவன் பேர்ல இருக்கிற கணக்குக்குப் பணம் போடாதீங்க. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, நான் எடுக்கல. ஏமாந்த அன்னைக்கே 1930-க்கு, அதான் சைபர் மோசடி புகார் நம்பருக்கு, போன் அடிங்க. நான் அவன் சொன்ன திங்கக்கிழமையை நம்பி பதினோரு நாள் விட்டுட்டேன். நுகர்வோர் கோர்ட்டுக்கு அவன் ஊருக்கு அலைய வேண்டாம், 2019 சட்டப்படி நம்ம மாவட்டத்துலயே போடலாம். நாளைக்கு ராம்நாடு போறேன்.

வண்டி ரெண்டு தென்னந்துண்டு மேல வீட்டு முற்றத்துல நிக்குது. வாப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. மாப்பிள்ளைக்கு வாடகை இன்னோவா சொல்லியாச்சு.