டீசலா, பெட்ரோலா? கனரக பிக்கப் வாங்கும் முன் ஒரு கணக்கு

அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் கழிந்தபின் நம்மவர்களில் சிலருக்குக் கேம்பிங் பித்துப் பிடிக்கிறது. கூடாரத்தில் தொடங்கி, வாடகை வண்டிக்கு மாறி, கடைசியில் சமையலறையும் குளியலறையும் உள்ள டிரெய்லர் ஒன்றைச் சொந்தமாக வாங்குவதில் வந்து நிற்கும். அதை இழுக்க 'அரை டன்' எனப்படும் சாதாரண பிக்கப் போதாது என்பார் விற்பனையாளர். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆக ஃபோர்டு எஃப்-250, ரேம் 2500, செவ்ரோலே சில்வராடோ 2500 எச்டி என்று கனரக பிக்கப் பக்கம் போக வேண்டியதுதான். குதிரை வளர்ப்பவர், கட்டட ஒப்பந்தக்காரர், பண்ணை வைத்திருப்பவர் எல்லோரும் வந்து நிற்பதும் இதே வாசலில்தான். டீசலா, பெட்ரோலா என்று கேட்டவுடன் ஊர்ப் பழக்கம் முந்திக்கொண்டு "டீசல்" என்று சொல்ல வைத்துவிடும். அதற்குமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடலாம்.

டீசல் என்றால் சிக்கனம் என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? இந்தியாவில் 2014 அக்டோபர் வரை டீசல் விலையை அரசு கட்டுக்குள் வைத்திருந்தது. பம்ப்பில் அப்போதெல்லாம் டீசல் மலிவு, மைலேஜும் கூடுதல். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். கூட்டரசு வரியே பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 2004க்குப் பிறகு பெரும்பாலான காலம் டீசல்தான் விலை அதிகம். 2022 ஜூனில் இரண்டும் உச்சத்தைத் தொட்டபோது பெட்ரோலின் தேசியச் சராசரி 5 டாலரைச் சற்றே தாண்டியது; டீசல் 5.80 டாலருக்கும் மேலே போயிற்று. இதற்கெல்லாம் முன்பாக, டீசல் எஞ்சின் வேண்டும் என்று சொன்ன மாத்திரத்திலேயே வண்டி விலையில் சுமார் 10,000 டாலர் ஏறிவிடும்.

இந்தப் பத்தாயிரம் எரிபொருளில் திரும்பி வருமா? இவ்வளவு கனமான பிக்கப்புகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மைலேஜ் எண் வெளியிடுவதில்லை. அதனால் விளம்பரத்தை நம்பாமல், ஓட்டுபவர்கள் பொதுவாகச் சொல்லும் எண்களை வைத்து உத்தேசமாகத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் கேலன் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சுமையில்லாமல் நெடுஞ்சாலையில் பெட்ரோல் வண்டி 14 மைல், டீசல் வண்டி 18 மைல் கொடுத்தால், மைலுக்கு முறையே சுமார் 23 சென்ட், 21 சென்ட். மிச்சம் இரண்டு சென்ட்டுக்கும் குறைவு. பத்தாயிரத்தை எடுக்க ஐந்து லட்சம் மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும்! டிரெய்லரை இழுக்கும்போது வித்தியாசம் கூடும். 8 மைலுக்கு எதிராக 11 மைல் என்றால் மைலுக்கு ஐந்தரை சென்ட் மிச்சம். புகையைச் சுத்திகரிக்க டீசல் வண்டியில் தனியாக ஊற்றும், டெஃப் எனப்படும் யூரியாக் கரைசலின் செலவைக் கழித்தால் நாலரை என்று வையுங்கள். அப்போதும், இழுத்துக்கொண்டே இரண்டு லட்சம் மைல் தாண்டினால்தான் போட்ட பணம் வரும். வருடத்துக்கு நாலு கேம்பிங் போகிற குடும்பத்துக்கு இது இரண்டு தலைமுறைக் கணக்கு.

மறுவிற்பனையில் டீசல் வண்டிக்கு மதிப்பு அதிகம் என்பது நிஜம். கொடுத்த கூடுதல் பணத்தில் நல்லதொரு பங்கு விற்கும்போது திரும்பிவிடும். ஆனால் அதுவரை அந்தத் தொகைக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறீர்கள்.

பிறகு ஏன் இத்தனை பேர் டீசல் வாங்குகிறார்கள்? மலைதான் காரணம்.

ஃபோர்டையே எடுத்துக்கொள்வோம், ஒரே வண்டியில் இரண்டையும் பார்க்கலாம். 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சினின் திறன் 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி டார்க், அதாவது சுழற்றும் விசை. 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலில் 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி. அதன் உயர்திறன் வகையில் 500, 1,200. குதிரைத்திறனில் பெரிய இடைவெளி இல்லை. டார்க் இரண்டு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், பெட்ரோல் எஞ்சின் தன் முழு டார்க்கைக் கொடுக்க நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்ற வேண்டும். டீசல் 2,000 சுற்றுக்குக் கீழேயே கொடுத்துவிடும். ரேமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ், செவ்ரோலேயில் வரும் ஜிஎம்மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே.

நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் இழுவைத் திறன் அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகே ஏறும் 11.4 மைல் மலைச்சாலையை அளவுகோலாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். அப்படியும், பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிவிட வேண்டும். பெட்ரோல் வண்டியின் இழுவை எண்ணும் இதே தேர்வில் தேறியதுதான். ஆகவே, பெட்ரோல் இழுக்காது என்பது கட்டுக்கதை. எப்படி இழுக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏற்றத்தில் கியர் இரண்டு மூன்று இறங்கி, எஞ்சின் 4,500 சுற்றில் அலற, பின்சீட்டில் குழந்தை தூக்கம் கலைந்து எழுந்துகொள்ளும். எஞ்சினுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. சத்தம் நம் பொறுமையைத்தான் சோதிக்கும்.

உயரமும் ஒரு கணக்கு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே போகும்போது மூன்றில் ஒரு பங்கு திறன் காற்றோடு போயிருக்கும். டீசலில் டர்போ இருப்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

ஏற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கம். சுரங்கத்தைக் கடந்து மேற்கே சில்வர்தோர்ன் நோக்கி இறங்கும் சாலை கிட்டத்தட்ட 7 சதவீதச் சரிவு. பிரேக் தோற்ற லாரிகள் ஏறி நிற்கச் சரளை கொட்டிய தனிப்பாதை போட்டிருப்பதைப் பார்த்தாலே சரிவின் குணம் புரியும். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் டர்போவின் இறக்கைகள் நெருங்கி, புகை வெளியேறும் வழியைக் குறுக்கும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிரேக் மிதியைத் தொடாமலே ஐந்து டன் டிரெய்லரோடு ஒரே வேகத்தில் இறங்கலாம். பெட்ரோலிலும் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்கலாம், ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. இடையிடையே பிரேக்கைத் தொட்டாக வேண்டும். ராக்கி மலைத்தொடரில் அடிக்கடி இழுப்பவர் இந்த ஒரு பொத்தானுக்காகவே பத்தாயிரம் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். டெக்சாஸ், ஃபுளோரிடா சமவெளியில் ஓட்டுபவருக்கு அதே பொத்தான் அலங்காரம்.

இனி, விற்பனையாளர் தானாக வாய் திறந்து சொல்லாத விஷயம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைச்சட்டத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண் அதில் அச்சாகியிருக்கும். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கனம். 2500 ரக வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டியே இருப்பதால், எஞ்சினின் கூடுதல் கனம் நேராக உங்கள் சுமையிலிருந்து கழிகிறது. தோல் இருக்கை, திறக்கும் கூரை என்று எல்லாம் ஏற்றிய டீசல் வண்டியில் அந்த எண் 2,500க்கும் கீழே இருப்பது சாதாரணம். அதே வண்டி பெட்ரோலில் 3,000ஐத் தாண்டும்.

இது எங்கே கடிக்கும்? பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டியில் கொக்கி மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பிக்கப்பின் முதுகில் வைக்கும். 11,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,200. கொக்கிச் சாதனம் 150. நாலு பேர் குடும்பம் 600. கூட்டினால் 2,950. பெட்ரோல் வண்டி பெரும்பாலும் சமாளித்துவிடும். டீசல் வண்டி, கிட்டத்தட்ட இருபதாயிரம் பவுண்டு இழுக்கும் என்று பெயர் வாங்கியிருந்தும், கதவில் ஒட்டிய அந்த ஸ்டிக்கரில் தோற்றுவிடும். டீசலும் பெரிய ஃபிஃப்த் வீலும் வேண்டும் என்றால் 2500ஐ விட்டுவிட்டு அடுத்த பெரிய ரகமான 3500 அல்லது எஃப்-350க்குப் போவதே முறை. விலை வித்தியாசம் டீசல் எஞ்சினுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. கையெழுத்துப் போடும் முன், வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து, ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் போட்டியே இல்லை, பெட்ரோல்தான். ஃபோர்டு டீசலுக்கு ஒரு ஆயில் மாற்றத்துக்கு 13 குவார்ட் வேண்டும், 7.3 பெட்ரோலுக்கு 8. டீசலில் எரிபொருள் ஃபில்டர்கள் தனிச் செலவு. பெரிய பழுது என்றால் சில ஃபோர்டு டீசல்களில் முன் கேபினையே சட்டத்திலிருந்து தூக்கி எடுத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். தூக்குவதற்கான கூலியை யோசித்துக்கொள்ளுங்கள். பாஷ் நிறுவனத்தின் சிபி4 உயரழுத்தப் பம்ப் பல வருட டீசல் பிக்கப்புகளில் கெட்ட பெயர் எடுத்தது. அது உடைந்தால் உலோகத் துகள் எரிபொருள் பாதை முழுக்கப் பரவும். வாரண்டி முடிந்திருந்தால் செலவு பத்தாயிரம் டாலரை ஒட்டி வரும். ரேம் அதை 2019, 2020 மாடல்களில் பொருத்திவிட்டு, 2021இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றியது.

டீசல் என்றால் மூன்று லட்சம் மைல் அசராமல் ஓடும் என்பார்கள். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ், பழைய 7.3 பவர் ஸ்ட்ரோக் ஆகியவை சம்பாதித்த பெயர் அது. அவற்றில் இன்றுள்ள அளவுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள் இல்லை. 2007க்குப் பின் வந்தவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. அதன்பின் டெஃப்பும் சேர்ந்துகொண்டது. ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மளிகைக்கடை, மறுபடி வீடு என்று மூன்று மைல் வட்டத்தில் சுற்றினால் பாதி எரிந்து பாதியில் நிற்கும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், சில எஞ்சின்களில் எரியாத டீசல் ஆயிலில் போய்க் கலக்கும். தினமும் அலுவலகத்துக்குக் குறுந்தூரம் ஓட்ட டீசல் கனரக பிக்கப் வாங்குவது, வண்டிக்கும் பணப்பைக்கும் ஒருசேரச் செய்யும் கொடுமை. கருவிகளைக் கழற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். எஞ்சின் செய்கிற நிறுவனமே தப்பவில்லை: ரேம் வண்டிகளில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக எழுந்த வழக்கில் 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

மினசோட்டா, வடக்கு டகோட்டா பக்கம் இருப்பவர்களுக்குக் குளிரும் சேர்கிறது. கடுங்குளிரில் டீசல் மெழுகுபோல் உறையத் தொடங்கும். டெஃப் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். எஞ்சின் ஹீட்டரும் குளிர்கால டீசலும் இருந்தால் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

டீசலுக்கு ஒரு சௌகரியத்தை விட்டுவிடக் கூடாது. நீளமான டிரெய்லரோடு சாதாரண பெட்ரோல் பம்ப்பில் நுழைந்து வளைந்து வெளியேறுவது தலைவலி. டீசல் வண்டிக்காரர் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் லாரிகளுக்கான அகலப் பாதையில் நேரே நுழைந்து நேரே வெளியேறலாம். டெஃப்பும் அங்கே பம்ப்பிலேயே கிடைக்கும், கடையில் விற்கும் டப்பாவைவிட மலிவாக.

என்னைக் கேட்டால், டிரெய்லர் 10,000 பவுண்டுக்குக் கீழே, வருடத்தில் சில வாரம் மட்டும் இழுப்பது, மற்ற நாளில் ஊருக்குள் ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல். 12,000க்கு மேல், மலைச்சாலை, மாதக்கணக்கில் பயணம் என்றால் டீசல், அதுவும் 3500இல். இடைப்பட்டவர்கள் எந்த மாநிலத்தில் ஓட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுக்கட்டும். பழைய டீசல் வண்டி பார்ப்பவர்கள் மைல்கணக்கோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். மைலை மணியால் வகுத்தால் 35, 40 வந்தால் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. 20க்குக் கீழே வந்தால் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமியது. அதன் ஃபில்டருக்குள் என்ன இருக்கிறதோ, விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.