சிட் சில்லுக்கு ஒரு மாற்று: ஒலியில் நிறைவு, மவுஸில் ஓயாத நடுக்கம்

1980-களின் வீட்டுக் கணினியான என் கொமோடோர் 64-இல் பழுதாகிப்போன, ஒலியை உருவாக்கும் 6581 சிட் சில்லின் இடத்தில், மைக்ரோகன்ட்ரோலரால் இயங்கும் நவீன மாற்றுச் சில்லு ஒன்றைப் பொருத்தி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஒலியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1981-இல் பாப் யானஸ் வடிவமைத்த அசல் சில்லில், ஒலியின் சாயலை மாற்றும் ஃபில்டர் சில்லுக்குச் சில்லு மாறும் என்பதால், ஒரு கணினியில் கணீரென்று ஒலித்த இசை இன்னொன்றில் மந்தமாகக் கேட்கும். மாற்றுச் சில்லில் அந்த ஃபில்டரை நம் காதுக்கேற்ப நாமே அமைத்துக்கொள்ளலாம். ஒலியளவு ரெஜிஸ்டரை அதிவேகமாக மாற்றிப் பேச்சுக்குரலை எழுப்பும் பழைய உத்தி, பின்னர் வந்த 8580 என்ற சிட் வகையில் மெலிந்துபோனது. இதில் அது தெளிவாகக் கேட்கிறது. பழைய சில்லைத் தொட்டால் சுடும். இதுவோ மணிக்கணக்கில் ஓடினாலும் சூடேறுவதில்லை.

ஆனால் சிட்டின் வேலை ஒலியோடு முடிவதில்லை. திருகு குமிழ் கொண்ட விளையாட்டுக் கருவியான பேடிலையும், கொமோடோரின் 1351 மவுஸையும் படிப்பதும் அதுவே. 512 கடிகாரத் துடிப்புகளுக்கு ஒருமுறை அது எடுக்கும் அளவீட்டோடு ஒத்திசைந்துதான் 1351 தன் நகர்வைத் தெரிவிக்கிறது. கடைசி பிட்டில் வரும் தடுமாற்றத்தை மவுஸின் நிரல் புறக்கணித்துவிடும். இந்த மாற்றுச் சில்லோ அதையும் தாண்டிப் பிசகுகிறது. மவுஸால் இயக்கும் ஜியோஸ் இயங்குதளத்தின் திரையில், மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஜியோஸின் ஓவிய நிரலான ஜியோபெயின்டில் நேர்கோடு ஒன்றை இழுத்து முடிக்கும் இடத்தில் சொடுக்கினால், சரியாக அந்தக் கணத்தில் முனை ஒரு புள்ளி மேலே ஏறிவிடுகிறது. மாற்றுச் சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும், பவர் சப்ளையை மாற்றியும், வேறு மவுஸை இணைத்தும் பயனில்லை. இரவல் வாங்கிய அசல் சில்லை அதே சாக்கெட்டில் செருகியதும் நடுக்கம் நின்றுவிட்டது.

ஜாய்ஸ்டிக் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது சிட் அல்ல, சிஐஏ என்ற வேறொரு சில்லு. உற்பத்தி நின்று பல்லாண்டுகளான ஒன்றை மறுபடி உருவாக்குவது எளிய வேலை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் ‘முழுமையான மாற்று’ என்று அச்சிட்டு விற்பவர்கள் சில்லின் 28 இணைப்புக் கால்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பேடிலையும் மவுஸையும் படிக்கும் 23, 24-ஆம் கால்களை மட்டும் ஒப்புக்குச் செய்துவிட்டுப் போகக் கூடாது.

நண்பர் பெரும்பாலும் இசை கேட்பவர்தான். என்றாலும், அந்த இரு கால்களும் சரியாகும் வரை, விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வாங்க வேண்டாம் என்றே அவரிடம் சொன்னேன்.