ஃபொந்தெனே, மவுண்ட் கிரேஸ்: இரு மடங்களின் கட்டட அமைப்பு

பிரான்சின் பர்கண்டியில் 1118-இல் நிறுவப்பட்ட ஃபொந்தெனே, சிஸ்டெர்சியர் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையின் மடம். அதில் தேவாலயத்தை ஒட்டிய சதுர முற்றத்தைச் சுற்றித் தூண்வரிசைத் தாழ்வாரம் ஓட, அதன் கிழக்குப் பக்கத்தில் கீழே ஆலோசனை மண்டபமும் மேலே துறவிகள் ஒன்றாக உறங்கிய நீண்ட கூடமும் அமைந்தன. அங்கிருந்து இறங்கும் படிக்கட்டு, இரவு வழிபாட்டுக்கு அவர்களை நேராகத் தேவாலயத்துக்குள் கொண்டுசேர்த்தது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் 1398-இல் நிறுவப்பட்ட மவுண்ட் கிரேஸ், கார்த்தூசியர் என்னும் மற்றொரு கத்தோலிக்கத் துறவியர் சபையின் மடம்; அதுவோ தனிமைக்கென்றே திட்டமிடப்பட்டது. பெரிய முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு துறவிக்கும் தோட்டத்துடன் கூடிய தனி மாடிவீடு இருந்தது. கதவருகே சுவரில் உணவு வைக்கும் துளைகூட, கொடுப்பவரும் பெறுபவரும் முகம் பார்க்க இயலாதவாறு உள்ளே மடங்கிச் செல்கிறது. குழாய்நீரும் தனிக் கழிப்பறையும் அவ்வீடுகளில் இருந்ததால், வசதியை மட்டும் கருதினால், கடுந்துறவுக்குப் பெயர்பெற்ற கார்த்தூசியரின் இருப்பிடமே மேலானது எனலாம். வழிபாட்டின் பெரும்பகுதியை அவர்கள் தம் அறைகளிலேயே முடித்துக்கொண்டதால், தேவாலயம் சிறியதாக இருந்தாலே போதுமானதாயிற்று.