‘ஹிருடோ மெடிசினாலிஸ்’ லேபிள் ஒட்டிய அட்டைப்பூச்சி ஜாடி வாங்குபவர்கள் கவனத்துக்கு

கல்லூரி ஆய்வகங்களுக்குப் பதப்படுத்திய உயிரினங்களை (ஸ்பெசிமன்) சப்ளை செய்யும் ஒரு கடையிலிருந்து ‘இனம் கண்டறியப்பட்ட நன்னீர் அட்டைகள்’ என்று எங்கள் துறைக்கு ஆறு ஜாடி வந்தது. ஐந்தில் ஹிருடோ மெடிசினாலிஸ் என்று ஒரே லேபிள். ஒன்றுகூட அது இல்லை. காசு போனது ஒரு பக்கம். இதைப் பார்த்துத்தான் மாணவர்கள் படம் வரைந்து பாகம் குறிப்பார்கள் என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

மருத்துவ அட்டை எனப்படும் ஹிருடோ மெடிசினாலிஸ் ஐரோப்பிய இனம். 1987 முதல் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு வர அனுமதிச் சீட்டு வேண்டும். ‘பக்கத்து ஏரியில் பிடித்தது’ என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே லேபிள் பொய்யாகிவிடுகிறது. (அந்தப் பெயரில் மருத்துவத்துக்கு விற்கப்பட்டவை பெரும்பாலும் ஹிருடோ வெர்பானா என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. பெயர்க் குழப்பம் அங்கேயும் உண்டு.) நம் குளங்களில் மாட்டைப் பிடிப்பது பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கும் ஹிருடினேரியா கிரானுலோசா.

ஜாடிக்கு வெளியே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும்போது ஹிருடினேரியாவின் முதுகு கரும்பச்சை, வயிறு ஆரஞ்சு. திரவத்தில் கிடந்தால் எல்லாம் ஒரே பழுப்பு. வெளியே எடுத்து, 10 மடங்கு கைலென்ஸில் தலையைப் பாருங்கள். ஐந்து ஜோடிக் கண்கள் வில் போல் வளைந்து நின்றால் தாடையுள்ள அட்டை. பிறகு முன் ஒட்டுறிஞ்சியை அடிப்பக்கம் நடுவில் கீறி விரித்தால் மூன்று தாடைகள் தெரியும். டிசெக்டிங் மைக்ராஸ்கோப்பில் தாடை விளிம்பில் வரிசையாக நுண்பற்கள், இரு பக்கமும் பொத்தான் போல் சிறு முகிழ்கள். உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இந்த முகிழ்கள் ஹிருடினேரியாவுக்கு உண்டு, ஹிருடோவுக்கு இல்லை. எங்கள் முதல் மூன்று ஜாடியில் இருந்தது ஹிருடினேரியா என்று சிக்கியது இங்கேதான்.

நான்காவதில் தாடையே இல்லை, கண்ணும் மூன்று ஜோடிதான். புழுவை முழுசாக விழுங்கும் வகை, ரத்தம் குடிக்காது. ஐந்தாவது நன்னீர் அட்டையே அல்ல. பின் ஒட்டுறிஞ்சிக்கு மேல் இரு பக்கமும் காதுமடல் போல் சிறு மடிப்பு இருந்தது: மழைக்காட்டில் காலில் ஏறும் ஹீமாடிப்சா. அதற்கும் ஐந்து ஜோடிக் கண் உண்டு என்பதால் தலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஆறாவதில் வெறும் ‘அட்டை’ என்று எழுதியிருந்தது. தட்டையான, தாடைக்குப் பதில் உறிஞ்சுகுழல் உள்ள வகை.

பதப்படுத்தியதும் மோசம். உயிரோடு அப்படியே ஃபார்மலினில் போட்டிருக்கிறார்கள்; சுருண்டு, சளி வெள்ளையாக உறைந்து உடல் வளையங்களை மூடிவிட்டது. வளையம் எண்ண முடியாவிட்டால் இனப்பெருக்கத் துளைகள் எந்த உடற்கண்டத்தில் இருக்கின்றன என்று சொல்ல முடியாது, விவரிப்பே நின்றுவிடும். முறையாகச் செய்வதென்றால், தண்ணீரில் விட்டு 70% ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இடுக்கியால் கிள்ளினாலும் அசையாத நிலை வந்ததும் சளியைத் துடைத்து, நேராக நீட்டி, 10% ஃபார்மலினில் ஒரு நாள் வைத்து, கழுவி 70% ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். மரபணு ஆய்வுக்கு வேண்டுமென்றால் ஃபார்மலினுக்கு முன்பே பின் ஒட்டுறிஞ்சியில் ஒரு துணுக்கை வெட்டி 95% ஆல்கஹாலில் போடுங்கள். குடல் பகுதியை எடுத்தால் மாட்டு ரத்தத்தின் மரபணுவும் சேர்ந்து வரும்.

எந்த ஜாடியிலும் பிடித்த இடம், தேதி, உயிர் நிறம் எழுதவில்லை. கேட்டதற்கு ‘சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது’ என்றார்கள். வளைந்த கண்ணாடி வழியாகக் கண்ணும் தெரியாது, வளையமும் தெரியாது. சீல் உடைக்காமல் யாரும் சரிபார்க்க முடியாது. அதனால் ஆர்டரிலேயே இப்படி எழுதுங்கள்: திறந்து சரிபார்த்த பிறகே பணம், இடமும் தேதியும் இல்லாத ஜாடி திருப்பி அனுப்பப்படும், இனப்பெயருடன் அதைக் கண்டறிந்தவர் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும்.