தொடக்கப் பள்ளிக்கு ஓவியத் தூண்டல் அட்டைகள்: ஒரு வகுப்பாசிரியரின் மதிப்பீடு

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் 3 என்ற எண்ணைப் படுக்கவைத்தாற்போல் சில பறவைகள் என்று பெரும்பாலான தாள்களில் ஒரே படம் வந்து நிற்கும். மலையே கண்ணில் படாத கடற்கரை ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. பிள்ளைகளிடம் கற்பனை இல்லாததால் இது நேர்வதில்லை. எதை வரைவது என்ற கேள்வி மிகப் பெரிதாக முன்னே நிற்கும்போது, ஏற்கெனவே கைக்குப் பழகிய படத்தில் அவர்கள் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து அவர்களை வெளியே கொண்டுவரும் கருவி ஒன்றைத் தேடித்தான், 'டிராயிங் பிராம்ட் கார்ட்ஸ்' என்ற பெயரில் விற்கும், வரையத் தொடங்க அட்டைக்கு ஒரு குறிப்புத் தரும் ஓவியத் தூண்டல் அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி, மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது கிடைக்கும் இவ்வகைப் பெட்டிகள் அமைப்பில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு அட்டைகளின் தன்மையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டைகள் தடிமனானவை, பல கைகள் மாறியும் முனை மடங்கவில்லை. ஆனால் அளவு சிறியது, எழுத்து பொடியானது, மேற்பரப்பு பளபளப்பானது. ஆகவே ஆசிரியர் கையில் பிடித்துக் காட்டினால் கடைசி வரிசைக்கு எதுவும் தெரியாது. வாசகங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் உள்ளன. நேரத்தை அளக்க ஒரு சிறிய மணற்கடிகாரமும் உடன் வருகிறது. ஓவிய வகுப்பில் பிள்ளைகளை அவசரப்படுத்துவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லாததால், அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

இந்த அட்டைகளின் தரம் அவற்றின் வாசகத்தில்தான் இருக்கிறது. ஒரு பகுதி அட்டைகளில் பொருளின் பெயர் மட்டும் இருக்கிறது: யானை, கோட்டை, விமானம், பழக்கூடை. இவற்றை எடுத்த பிள்ளைகள், பாடநூலிலோ சுவரிலோ பார்த்த யானையை நினைவிலிருந்து நகலெடுக்க முயல்கிறார்கள். தும்பிக்கை சரியாக வராவிட்டால் ரப்பரை எடுத்துத் தாள் கிழியும்வரை அழிக்கிறார்கள். பெயரை மட்டும் கொடுக்கும்போது, அந்தப் பெயருக்குச் சரியான ஒரு படம் எங்கோ இருக்கிறது என்றும், தன்னால் அதை எட்ட முடியவில்லை என்றும் பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. "எனக்கு வரைய வராது டீச்சர்" என்ற குரல் இந்த அட்டைகளின்போதுதான் அதிகம் கேட்டது.

இன்னொரு பகுதி அட்டைகளில் ஒரு நிலைமை இருக்கிறது. உன் பள்ளிப் பைக்குள் ஒரு விலங்கு குடியேறிவிட்டது. நீ எறும்பின் அளவுக்குச் சிறுத்துச் சமையலறைக்குள் நடக்கிறாய். பேருந்துக்குள் நீயும் உன் வீட்டாரும் நெரிசலில் நிற்கிறீர்கள். இவற்றில் பிள்ளையும் படத்துக்குள் இருக்கிறது, ஒரு செயல் நடக்கிறது, ஓர் இடமும் இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் கலைக்கல்வியைக் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தியது இதைத்தான். 'நான்', 'நாங்கள்' என்று தொடங்கும் தலைப்புகளும், என்ன செய்கிறோம், எங்கே செய்கிறோம் என்பதைத் தாங்கிய தலைப்புகளும்தான் அந்தந்த வயதுப் பிள்ளையைத் தன் அனுபவத்திலிருந்து வரையவைக்கும் என்பது அவர் நிலைப்பாடு. வண்ணம் தீட்டும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்ததும் இதே காரணத்தால்தான்.

பேருந்து அட்டையை மூன்றாம் வகுப்பில் கொடுத்தபோது வந்த படங்களை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேருந்தின் பக்கச் சுவர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, உள்ளே எல்லாரும் முழு உருவத்தோடு நின்றார்கள். நடத்துநரின் பை ஓட்டுநரைவிடப் பெரிதாக இருந்தது. கம்பியை எட்டிப் பிடித்த கை, உடலைவிட நீண்டிருந்தது. ஏழிலிருந்து ஒன்பது வயது வரையிலான பருவத்தில் பிள்ளைகள் தமக்கு முக்கியமானதைப் பெரிதாக்குவதும், உள்ளேயிருப்பதை வெளியே தெரியும்படி வரைவதும், எல்லாவற்றையும் தாளின் அடியில் தரைபோல் இழுத்த ஒரு கோட்டின் மேல் நிறுத்துவதும் அந்த வயதின் இயல்பான மொழி என்று லோவன்ஃபெல்ட் விரிவாகக் காட்டியிருக்கிறார். இதைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர் கையில் எவ்வளவு நல்ல அட்டை கிடைத்தாலும் பயன் குறைவு. மலையும் சூரியனும் இல்லாத தாள்கள் ஒரு வகுப்பிலிருந்து மொத்தமாக வந்ததைப் பார்த்தபோது, வாங்கிய விலைக்கு இந்த ஓர் அட்டையே போதும் என்றுகூட எண்ணினேன்.

ஆனால் அட்டையைக் காட்டியவுடன் பென்சிலை எடுக்கச் சொன்னால் இந்த விளைவு கிடைக்காது. பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பது பெரிய குறை. வரைவதற்கு முன் பேச்சு வேண்டும். உட்கார இடம் கிடைத்ததா, யார் மடியில் யார் இருந்தார்கள், பிரேக் போட்டபோது எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள், சன்னல் வழியே என்ன தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், பிள்ளைகள் எழுந்து நின்று சாய்ந்து காட்டுகிறார்கள். உடல் அப்படி நினைவுகூர்ந்த பிறகுதான் கை வரைகிறது. நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. தமிழும் கணக்கும் நடத்தும் வகுப்பாசிரியரே இதையும் நடத்துவதால், கேள்விகளையும் அட்டையிலேயே அச்சிட்டிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மூன்றாவது வகை அட்டைகளில் எழுத்தே இல்லை. ஒரு வளைகோடு, ஓர் அரைவட்டம், இரண்டு புள்ளிகள் என்று முடிவு பெறாத வடிவம் மட்டும் இருக்கிறது, அதைப் பிள்ளை நிறைவு செய்ய வேண்டும். 1966-இல் அமெரிக்க உளவியலாளர் பால் டாரன்ஸ் வெளியிட்ட படைப்பாற்றல் தேர்வில் இதே உத்தி இடம்பெற்றது. கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலைகளும் போர்க்களங்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்னதும் இந்த வழியே. வரைய அஞ்சும் பிள்ளைகளுக்கு இவை மிகவும் ஏற்றவை. வெற்றுத் தாளில் முதல் கோட்டைப் போடுவதுதான் அவர்களுக்குக் கடினம். அந்தக் கோடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தாளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படைப்பாற்றலை அளக்கும் தேர்வாக மாற்றி, இதற்கு மதிப்பெண் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

என்னை உண்மையில் வருத்தியது அட்டைகளின் பின்புறம். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் படம், தேர்ந்த ஓவியர் வரைந்தது, முழு வண்ணத்தில் அச்சாகியிருக்கிறது. அழகான படங்கள்தாம். ஆனால் பிள்ளை வாசகத்தைக் கேட்டவுடன் அட்டையைத் திருப்புகிறது. திருப்பியபின் அதன் மனத்தில் வேறு படம் எழுவதில்லை. முன்புறம் திறந்துவிட்ட கதவைப் பின்புறமே அடைத்துவிடுகிறது. நான் நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட்டை வெட்டி எல்லா அட்டைகளின் பின்புறத்திலும் ஒட்டினேன். அதன் பிறகுதான் ஒரே குழுவில் இருந்த பிள்ளைகளின் படங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடத் தொடங்கின.

பனிமனிதன், பனிச்சறுக்கு, மரத்தின் மேல் கட்டிய விளையாட்டு வீடு, ஹாலோவீன் பூசணி போன்ற அட்டைகள் எங்கள் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியே மட்டும் தெரிந்தவை. ஆகவே தொலைக்காட்சிப் படங்களே தாளில் வந்தன. இவற்றை விலக்கிவிட்டு, திருவிழாவில் ராட்டினத்தின் உச்சியில் நீ, மழையில் ஒரே குடைக்குள் மூன்று பேர், ரேஷன் கடை வரிசையில் பாட்டியோடு நிற்கும்போது என்று நானே எழுதிச் சேர்த்தேன். ஐந்தாம் வகுப்பில் ராட்டின அட்டைக்கு வந்த படங்களில் சில மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தவை. கூட்டத்தின் தலைகள் மட்டும் வட்டங்களாகத் தெரிந்தன. அவர்களுக்கு அந்தக் கோணத்தை யாரும் கற்றுத்தரவில்லை.

ஆளுக்கோர் அட்டை என்று பெட்டி பரிந்துரைக்கிறது. நெருக்கமான வகுப்பில் அது சரிப்படாது, எல்லாரோடும் தனித்தனியே பேச நேரம் இருக்காது. நான்கைந்து பேருக்கு ஓர் அட்டை என்பதே நன்றாக நடக்கிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. அங்கே ஆசிரியரின் வாய்ச்சொல்லே போதும், பிள்ளைகளிடம் கிரேயான் இருந்தால் சரி. மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு வாங்கலாம். வாங்கும்போது பின்புறத்தில் மாதிரிப் படம் இல்லாத பெட்டியையும், எழுதாத வெற்று அட்டைகள் சில சேர்ந்த பெட்டியையும் தேடுங்கள். பொருட்பெயர்களை மட்டுமே அடுக்கிய பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எதை வாங்கினாலும் வாசகங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும் வேலை ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள், அதே பணத்துக்குக் கூடுதலாக வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டு, தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.