பிக்கப் ஹெட்லைட் மாற்ற "கம்ப்ளீட் கிட்" என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

பிக்கப், மினி லாரி வைத்திருக்கிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளத் தேவையான எல்லாச் சாமானும் ஒரே பெட்டியில் என்று ஆன்லைனில் ஒரு கிட் 1,899 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ராட்செட், பாக்ஸ் சாக்கெட்டுகள், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிளிப் நெம்புகிற பிளாஸ்டிக் குச்சிகள், டெஸ்டர், கையுறை, கூடவே ஒரு ஜோடி எச்4 பல்ப் (பிரைட், டிம் இரண்டும் ஒன்றிலேயே இருக்கிற ஹெட்லைட் பல்ப்). சாமான் மட்டம் என்பதோடு போயிருந்தால் ஆயிரம் எண்ணூறு போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். இது லோடு ஏற்றிய வண்டியின் வயரிங்கை நடுராத்திரியில் ரோட்டில் வைத்துப் பொசுக்கிய சாமான்.

நான் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவன், பாதி ஓட்டம் இருட்டில்தான். ஒரு பக்க டிம் லைட் போய்விட்டது. பல்ப் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் என் வண்டியில் பேட்டரி இருக்கும் பக்கம் பின்னாலிருந்து கை நுழையாது, கிரில்லைக் கழற்றி டூமையே, அதாவது முழு ஹெட்லைட் கூட்டையே, முன்னால் இழுத்தாக வேண்டும். அதற்கு டூல்ஸ் வேண்டும் என்றுதான் இந்தக் கிட்டை வரவழைத்தது.

முதலில் சாக்கெட். விளம்பரப் படத்தில் ஒவ்வொன்றிலும் குரோம் வனேடியம் (உறுதியான டூல்ஸ் எஃகு) என்று முத்திரை பளிச்சென்று தெரிகிறது, வந்ததில் ஒரு எழுத்து கிடையாது. 10 மி.மீ. என்று போட்டிருந்த சாக்கெட் 10 மி.மீ. போல்ட்டின் மேல் லொடலொட என்று ஆடியது. மச்சான் ஒரே ஒரு அழுத்து அழுத்தினான், சாக்கெட்டின் ஓரம் விரிந்து கீறல் விட்டது, போல்ட்டின் தலை மழுங்கி உருண்டையாகிவிட்டது. பழைய வண்டியில் கிரில் போல்ட் துருப்பிடித்துத்தான் இருக்கும், ஒரு முறை தலை மழுங்கினால் அப்புறம் எந்த நல்ல ஸ்பேனரும் அதில் பிடிக்காது. கடைசியில் பக்கத்துப் பட்டறையிலிருந்து வைஸ் கிரிப் வாங்கி வந்து கடித்துப் பிடித்துத்தான் கழற்றினோம்.

அடுத்தது அந்த டெஸ்டர். இதுதான் எனக்கு ஆத்திரமே. ஹோல்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வைத்தால் எரியவே இல்லை, சரி வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்று மச்சான் ஃபியூஸ் பாக்ஸ் வரை தேட ஆரம்பித்துவிட்டான். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அது வீட்டுப் பிளக்பாயிண்டில் வைத்துப் பார்க்கிற நியான் டெஸ்டர்! 230 வோல்ட்டுக்குச் செய்தது, 12 வோல்ட் பேட்டரியில் அது ஒருநாளும் எரியாது. வண்டிக்கென்று விற்கிற பெட்டியில் தெரிந்தே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கையுறையாவது பரவாயில்லையா என்றால், எண்ணெய் பூசிய சாக்கெட்டோடு ஒரே கவரில் கிடந்து அதுவும் பிசுபிசுவென்று இருந்தது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும், அதைத் தடுக்கத்தானே கையுறையே.

பல்பு விஷயம்தான் ஆபத்தானது, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பெட்டியின் மேல் 12 வோல்ட், 60/55 வாட் என்று அச்சடித்திருந்தது. சாதாரண எச்4 பல்பின் அளவு அதுதான் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55), கம்பெனி வயரிங்கும் கப்ளரும் (பல்பின் பின்னால் செருகுகிற பிளாஸ்டிக் பிளக்) அந்த அளவை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது. மாட்டிப் போட்டதும் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. ஆனால் டிம்மில் போட்டாலும் ஒளி கீழே இறங்கவில்லை, எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை, அடுத்த நிமிடம் இடது லைட் அணைந்தது, கொஞ்ச நேரத்தில் வலதும் மினுக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி, செல்போன் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்தால் கப்ளர் உருகிப் பல்பின் மூன்று பின்னோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ் போகவே இல்லை, அதற்கு முன்னாலேயே கப்ளர் உருகிவிட்டது.

காலையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பல்பைப் பிடுங்கி எடுத்துத் துடைத்துவிட்டு, "அண்ணே, இது 60/55 இல்ல, இங்க பாருங்க" என்று அடிப்பக்கத் தகரத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் 100/90 என்று அடித்திருந்தது. பெட்டியில் ஒன்று, பல்பில் ஒன்று! 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும், அதனால் கப்ளரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு. தனி ரிலேயும் (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச்) தடித்த வயரும் போடாமல் அந்தப் பல்பைக் கம்பெனி வயரிங்கில் மாட்டவே கூடாது என்றார். பல்ப் சரியான நிலையில் உட்காருவதற்கு விளிம்பில் மூன்று காது இருக்கும், அதில் ஒன்று கோணலாக ஒட்டியிருந்ததையும் அவர்தான் காட்டினார், டிம் மேலே தூக்கியதற்குக் காரணம் அது. இரண்டு கப்ளர், வயர், கூலி எல்லாம் சேர்த்துக் கிட் விலைக்கு மேல் ஆகிவிட்டது.

விற்றவர்களிடம் கேட்டதற்கு, "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்", அவ்வளவுதான் பதில். உருகிய கப்ளர், 100/90 எழுத்து எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியும் அதே பதில். இது செல்லாத பதில் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறைபாடாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிந்திருக்கிறேன். பெட்டி, பில், பல்ப் எதையும் தூக்கிப் போடாதீர்கள், பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. என் பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அது இல்லாத பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

உண்மையில் இந்த வேலைக்கு வேண்டியது கொஞ்சம்தான், எல்லாமே ஊர் ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆறு முனை உள்ள 10 மி.மீ. பாக்ஸ் சாக்கெட் ஒன்று (பன்னிரண்டு முனை உள்ளது துருப்பிடித்த போல்ட்டில் வழுக்கும்), அதற்கு ராட்செட்டும் ஒரு நீட்டுக் கம்பியும், நுனி கூராக இருக்கிற 2ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், துரு இளக்குகிற ஸ்பிரே. சில வண்டியில் 8 அல்லது 12 போல்ட்டும் வரும், கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் பார்த்துவிட்டுப் போங்கள். கரண்ட் பார்க்க 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் போதும், ஒரு முனையை எர்த்தில் (வண்டியின் பாடி இரும்பில்) கவ்வி மாட்டி மறுமுனையால் தொட்டுப் பார்க்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் லைட் மங்கலாக எரிந்தால் முதலில் எர்த் வயரைச் சுரண்டிப் பாருங்கள், பாதி நேரம் பல்பில் கோளாறே இருக்காது. கண்ணாடியில் கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். டூமைக் கழற்றும் முன் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி டிம் விழுகிற கோட்டில் டேப் ஒட்டி வைத்தால், திரும்ப மாட்டியபின் அதே இடத்துக்கு இறக்கிவிடலாம். பல்பைத் தனியாக வாங்குங்கள், தகரத்தில் 60/55 என்ற எழுத்தும் வட்டத்துக்குள் ஆங்கில "E" எழுத்தும் எண்ணும் (தர அங்கீகார முத்திரை) இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எனக்கு நல்ல பல்ப் ஒன்று இருநூறு ரூபாய்க்குள்தான் ஆனது.

நேற்று தேடியபோது பழைய கடைப் பக்கத்தைக் காணோம். அதே படம், அதே வாசகம், அதே 1,899 ரூபாய் வேறொரு பெயரில் வந்திருக்கிறது. சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி, மூடியின் உள்பக்கம் இரண்டு பல்ப் செருகியிருக்கும், நடுவில் மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர். எந்தப் பெயரில் கண்ணில் பட்டாலும் அது இதே பெட்டிதான்.