கேரவனா, வேனா, டென்டா: நெல்லைச் சீமையில் குடும்பத்தோடு சுற்ற எது தோது?

கேரவன் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷூட்டிங் நடக்கிற தெருவில் ஜெனரேட்டர் சத்தத்தோடு நிற்கும் வண்டிதான். இப்போது கட்டிலும் கழிப்பறையும் உள்ள அதே மாதிரி வண்டியைக் குடும்பச் சுற்றுலாவுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அந்த ஆசை எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிட்டது. சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து குற்றாலச் சாரலுக்குக் கிளம்பும்போது, "வழக்கம்போல வேன் பிடிப்போமா, இந்தத் தடவை கேரவன் எடுப்போமா" என்று ஒருவராவது கேட்கிறார்கள். கார் கூரையில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு போகலாம் என்கிற இளவட்டங்களும் உண்டு.

கட்டில் எத்தனை, ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, டிவி எவ்வளவு பெரிசு என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பகலில் அகத்தியர் அருவிக்கும் காரையாருக்கும் போய்வரலாம், அதுவும் வனத்துறை விடுகிற நேரத்துக்குள். பொழுது சாயும் முன் கீழே இறங்கிவிட வேண்டும். காட்டுக்குள் வண்டியை ஓரங்கட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதெல்லாம் விளம்பரப் படத்தோடு சரி. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுகிற பாதை இன்னும் குறுகல். அரசு பஸ் ஏறுகிறதே என்பார்கள். அதை ஓட்டுகிறவர்கள் அந்த வளைவுகளிலேயே பழகினவர்கள். வெளியூரிலிருந்து கேரவனோடு வருகிற டிரைவரை அங்கே ஏற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்குத் தைரியம் போதாது.

குற்றாலத்தில் காட்டுத் தடை இல்லை, ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி சாலையில் கார் நகர்வதே பெரிய காரியம். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். கேரவனோ மேடுபள்ளமில்லாத தரையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்தால் தலை கீழே போய்விடும். தாழ்ந்த மரக்கிளை, தொங்குகிற மின்கம்பி இரண்டையும் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டமும் ஹாரன் சத்தமும் உள்ள பார்க்கிங்கில் படுப்பதற்கு, தென்காசியில் ஒரு லாட்ஜ் ரூம் எவ்வளவோ மேல்.

தூரக் கணக்கும் கேரவனுக்குச் சாதகமாக இல்லை. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் 50 கிலோமீட்டருக்குள், குற்றாலம் சுமார் 60, கன்னியாகுமரி சுமார் 85. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிகிற பயணத்துக்குக் கட்டில் எதற்கு? சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் பெர்த் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஜங்ஷன், அங்கிருந்து வேன். கேரவனிலேயே சென்னையிலிருந்து படுத்துக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு. பிரேக் அடித்தால் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளை முன்னால் பறக்கும்.

அப்புறம் கூட்டம். வாடகைக்குக் கிடைக்கிற கேரவனில் பெரும்பாலும் நான்கு பேர் வசதியாகப் படுக்கலாம். நாம் நான்கு பேராக எங்கே போயிருக்கிறோம்? பாட்டியை விட்டுவிட முடியாது, பக்கத்து வீட்டு மாமாவும் வருகிறேன் என்பார். வேன் என்றால் 12, 17, 20 சீட் என்று ஆளுக்குத் தக்கபடி கிடைக்கும். அந்த வண்டியில் நடக்கிற பேச்சும் சீண்டலும் முறுக்கு டப்பா பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குக் கைமாறுவதும் இரண்டு கேரவன் எடுத்துப் பிரிந்து போனால் கிடைக்காது. செலவும் அப்படித்தான். வேனுக்கு நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் 15 தலைக்குப் பிரித்தால் சுமை தெரியாது. கூடுதலான கேரவன் வாடகையை நான்கு பேர் சுமக்க வேண்டும்.

வெளியே தங்கிச் சமைத்துச் சாப்பிடுவது நமக்குப் புதிதும் இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையார் காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சட்டி பானை, ஜமுக்காளம், அரிசி மூட்டையோடு போய்க் குடில் போட்டுத் தங்கிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். இப்போது தங்குகிற நாட்களை வனத்துறை குறைத்துவிட்டது, தனி வண்டிகளைக் கீழேயே நிறுத்தி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். காட்டுக்கு அது நல்லதுதான். ஆக, இந்த வட்டாரத்தின் ஆகப்பெரிய கேம்பிங்குக்கும் கேரவன் உதவாது.

குளியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாமிரபரணி ஓடுகிற ஊரில், டேங்க் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டு பெட்டிக்குள் ஷவரில் குளிப்பது என்ன கணக்கோ. திருப்புடைமருதூரிலோ சேரன்மகாதேவியிலோ படித்துறையில் ஒரு முங்கு போட்டால் தீர்ந்தது.

சரி, கேரவன் எதில் ஜெயிக்கிறது? கழிப்பறையில். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது. வேன் பயணத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதும், சர்க்கரை உள்ள பெரியவர்கள் அடுத்த பெட்ரோல் பங்க் எப்போது வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஆண்கள் கண்ணில் படுவதில்லை. பல அருவிக்கரைகளில் இருக்கிற கழிப்பறைகளின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் தேய்ந்த அப்பா அம்மா, கைக்குழந்தை, மாதவிடாய் நாளில் இருக்கிற பெண்பிள்ளை என்று யாராவது இருந்தால், கூடுதல் வாடகை அந்த ஒரு வசதிக்கே தகும். ஆனால் கழிவுத் தொட்டி நிறைந்தால் எங்கே காலி செய்வது என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "போகிற வழியில் பார்த்துக்கலாம்" என்றால் அது வாய்க்காலிலோ ஆற்றிலோ போய்த்தான் முடியும். பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறவர்கள் செய்கிற கேடே போதும்.

ஏசியில்தான் உயிராபத்து இருக்கிறது. ராத்திரி முழுக்க ஏசி ஓட வேண்டுமானால் வெளி மின் இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். மின் இணைப்புத் தருகிற ரிசார்ட் வளாகத்தில் நிறுத்துங்கள்.

சமையல் விஷயத்தில் கேரவன், வேன் இரண்டுக்கும் ஒரே பேச்சு: அடுப்பு வண்டிக்கு வெளியே. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறக்க முடியாது. அதைவிடச் சுலபம், முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், மறுநாள் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் இலை போடுவது.

டென்ட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக. சாரல் காலத்தில் டென்ட் உலரவே உலராது, குரங்குகள் சாப்பாட்டுப் பையை விட்டுவைக்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆற்று மணலில் டென்ட் அடிக்கவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணியில் வெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்தோம். தை, மாசியில் தெரிந்தவர் தோப்பில், கிணற்றடி பக்கம், அனுமதி கேட்டுப் போட்டால் அருமை. இரண்டு மூன்று நண்பர்கள் குடும்பமாகச் சேர்ந்து போனால் செலவும் சொற்பம். பழைய வேனை வாங்கி நாமே கட்டில் அடித்துக் கேரவன் ஆக்கலாம் என்கிற யோசனை மட்டும் வேண்டாம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரமே உண்டு.

என் ஓட்டு வேனுக்குத்தான். பத்துப் பேருக்கு மேல் என்றால் வேறு யோசனையே வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்களோடு நான்கைந்து பேராக, உவரி, கன்னியாகுமரி என்று கடற்கரைப் பக்கம் நிதானமாகப் போகிறவர்கள் கேரவன் எடுக்கலாம். பாதை சமதரை, காட்டுச் செக்போஸ்ட் தொல்லையும் இல்லை. இரண்டு வண்டியாகப் போகிற கூட்டத்தில் ஒன்று வேன், ஒன்று கேரவன் என்று வைத்துக்கொண்டால் கழிப்பறை எல்லோருக்கும் பொது.

எதை எடுத்தாலும் மஞ்சள் போர்டா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இழுபறிதான். பாலருவி, தென்மலை பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கேரளத்துக்கு பெர்மிட் உண்டா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே கேளுங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப சாமிகள் வேன்களையெல்லாம் புக் செய்துவிடுவார்கள், அதற்குள் சொல்லி வைத்துவிடுங்கள்.